அப்பாயியின் புடவைகளைக் காட்சிக்கு வைத்த கதை

மயிலாடுதுறையில் இருந்த எங்கள் பழைய வீட்டை விற்பதென்று முடிவான 2016 சித்திரையில், அப்பாயியின் டிரங்குப் பெட்டியைப் பிரித்து ஒழுங்கு செய்வதற்காக நான் ஊருக்குப் போனபோது, பெட்டி ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்தது. பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் முந்தைய நாள் தெருவில் கூவிக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணன் இரண்டு புடவைகளை எடைக்குப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் மீதிக்கும் விலை பேசுவதற்காக அவர் திரும்பி வந்தார். இவற்றை வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "எரிச்சுத்தாம்மா எடுப்போம். பட்டு சாம்பலாப் போயிரும், வெள்ளி நிக்கும்" என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

அவர் மீது எனக்கு அன்றும் கோபம் வரவில்லை. பழைய ஜரிகை என்பது பட்டு நூலின் மீது தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. ஆகவே ஒரு புடவை எவ்வளவு நல்ல ஜரிகையோடு நெய்யப்பட்டதோ அவ்வளவு விரைவாக அது நெருப்புக்குப் போகிறது. சாதாரணக் குடும்பங்களில் எழுபது, எண்பது ஆண்டுப் பட்டுப்புடவைகள் அரிதாகவே மிஞ்சியிருப்பதற்குப் பூச்சியைக் காரணம் சொல்வார்கள். நான் அறிந்த வீடுகளில் பூச்சி தின்றதைவிட இப்படி எடைக்குப் போனவைதான் அதிகம்.

மிஞ்சியவை பதினேழு: காஞ்சிபுரம் ஒன்பது, கூறைநாட்டுப் புடவை மூன்று, பருத்தி ஐந்து. கூறைநாடு எங்கள் ஊரின் ஒரு பகுதி. பட்டையும் பருத்தியையும் கலந்து கட்டம் போட்டு அங்கே நெய்த புடவைகள் ஒரு காலத்தில் மணப்பெண்ணின் கூறைப்புடவையாகப் பல ஊர்களுக்குப் போயின. இன்று அதை நெய்கிற கைகள் மிகக் குறைவு. அந்த மூன்றுதான் பெட்டியிலேயே அரியவை என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் கல்லூரி நூலகராக இருந்தவள். காகிதத்தைக் காப்பாற்றத் தெரியும், துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளாமல் நான் முதல் ஒரு வாரத்தில் செய்தவைதான் அந்தப் புடவைகளுக்கு அதுவரை நேர்ந்ததிலேயே பெரிய சேதம்.

முதலில், பெட்டி வாடை போகட்டும் என்று எல்லாவற்றையும் முற்றத்துக் கொடியில் மூன்று மணி நேரம் வெயிலில் காயப்போட்டேன். பிறகு கூறைநாட்டுப் புடவை ஒன்றில் பழுப்புக் கறை தெரிந்ததால் அதைப் பூந்திக்கொட்டை நீரில் நனைத்துத் துவைத்தேன். அரக்குக் கரையின் சாயம் உடலின் வெளிர்மஞ்சளில் இறங்கியது; பருத்தி ஒரு விதமாகவும் பட்டு வேறு விதமாகவும் சுருங்கியதால் கட்டங்கள் கோணிக்கொண்டன. அதைச் சரிசெய்ய இஸ்திரி போட்டேன். பழுப்புக் கறை நிலையாகத் தங்கிவிட்டது. மீதியைப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, ஆளுக்கு இரண்டு அந்துருண்டைகளையும் உள்ளே வைத்து மூடி, கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆறு மாதம் கழித்து, அருங்காட்சியகங்களில் துணிப் பாதுகாப்பு வேலை செய்த என் பள்ளித்தோழி இரண்டு நாள் வந்து தங்கினாள். உறைகளைப் பார்த்ததும் அவள் ஒன்றும் சொல்லவில்லை; ஒவ்வொன்றாக வெளியே எடுக்கச் சொன்னாள். மட்டமான பிளாஸ்டிக் காலப்போக்கில் ஆவி விடும், ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். ஜரிகையிலுள்ள வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தக வாயுவால். ரப்பர், கம்பளி போன்றவை அருகில் இருந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். கறுத்த ஜரிகையைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா என்று கேட்டேன். முலாம் அத்தனை மெல்லியது, தேய்த்தால் கறுப்போடு சேர்ந்து தங்கமும் போய்விடும், கறுத்தது கறுத்தபடியே இருக்கட்டும் என்றாள். அந்த இரண்டு நாளும் நான் கேட்ட கேள்விகளில் முக்கால்வாசிக்கு அவளுடைய பதில் "வேண்டாம்" என்பதுதான்.

செய்ய வேண்டியவை என்று அவள் சொன்னவை அனைத்தும் சிறியவை, ஆனால் பொறுமை கேட்பவை. புடவையை மேசையில் விரித்து, அதன் மீது கொசுவலைத் துண்டு ஒன்றைப் போட்டு, உறிஞ்சும் வேகத்தை மிகக் குறைத்துவைத்த வாக்குவம் கிளீனரை வலையின் மேலாக மெல்ல நகர்த்தித் தூசியை மட்டும் எடுத்தோம். பழைய குண்டூசிகளை அகற்றினோம். துருப்பிடித்த ஊசியைச் சுற்றியிருந்த இழைகள் தொட்டதும் உதிர்ந்தன. பூச்சி முட்டைகளைக் கொல்வதற்குக் குளிர்தான் நல்ல வழி என்பதால், ஒவ்வொரு புடவையையும் மெல்லிய தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவரின் ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்தோம். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் காற்றின் ஈரம் துணியின் மீதே படியும், பிரிக்காவிட்டால் பையின் மேல் படிந்து தானாகக் காய்ந்துவிடும். குல்பி டப்பாக்களுக்கு நடுவே அப்பாயியின் மயில்கழுத்துப் பட்டு உறைந்து கிடந்த காட்சியை அந்தக் கடைப் பையன்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பட்டுக்கு மடிப்புதான் உண்மையான எதிரி. ஒரே கோட்டில் முப்பது, நாற்பது ஆண்டுகள் மடிந்துகிடக்கும் இழை அந்தக் கோட்டிலேயே முறிகிறது. ஜரிகை ஓடும் இடத்தில் உலோகம் பட்டை அறுக்கிறது. அதனால் மடிப்பதை விட்டு உருளையில் சுற்றத் தொடங்கினோம். ஜவுளிக்கடையில் துணி சுற்றிவரும் அட்டைக் குழாய்களைச் சும்மாவே தருகிறார்கள்; ஆனால் அட்டையில் அமிலம் இருப்பதால், முதலில் அலுமினியத் தாள், அதற்கு மேல் காடாத் துணி என்று சுற்றிய பிறகுதான் புடவையைத் தொடவிட வேண்டும். காடாவைக் கஞ்சி முழுதும் போகும்வரை இருமுறை கொதிநீரில் அலசிக்கொண்டோம், ஏனெனில் வெள்ளிப்பூச்சி கஞ்சிக்காகத்தான் வருகிறது. புடவையின் முகப்பு வெளிப்பக்கம் இருக்கும்படி, அமிலமற்ற தாளை இடையிடையே விட்டு, இறுக்காமல் சுற்ற வேண்டும். அமிலமற்ற தாள் சென்னையிலிருந்து வந்தது; மொத்தச் செலவில் பாதி அதற்கே ஆனது. பணம் இல்லாதவர்கள் தாளுக்குப் பதிலாக அலசிய காடாவையே இடையில் வைக்கலாம் என்பது தோழியின் யோசனை. வசம்பும் வேப்பிலையும் வைப்பதில் அத்தைக்கு உறுதியான நம்பிக்கை; உலர்ந்தவற்றைத் தனித் துணிப்பையில் கட்டி, புடவையைத் தொடாமல் பீரோவின் ஓரத்தில் தொங்கவிட்டு இருவரையும் சமாதானப்படுத்தினேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் டெல்டா ஊர்களின் காற்று பூஞ்சைக்கு விருந்து வைப்பது போன்றது. அந்த இரண்டு மாதமும் பீரோவைத் திறப்பதே இல்லை.

பதிவேடு எழுதுவதில் மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு புடவைக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் பருத்தி நாடாவில் எழுதி, உள்முனையில் இழைகளுக்கு இடையே இரண்டே தையலால் பிடித்துவைத்தேன். நீளம், அகலம், கரையின் அகலம், முந்தியின் நீளம், கிழிசல், கறை, தையல், எல்லாமே பதிவேட்டில் ஏறின. கறையைச் சேதம் என்று எழுதாமல் கறை என்றே எழுதக் கற்றுக்கொண்டேன். எட்டாம் எண் புடவையின் இடுப்புப் பகுதியில் வரிசையாகத் தெரிந்த மங்கிய வட்டங்கள் வியர்வையால் வந்தவை. அப்பாயி அதை எப்படிக் கட்டினாள், எந்த இடத்தில் இறுக்கிச் செருகினாள் என்பதற்கு வேறு சான்று இல்லை. பதினோராம் எண்ணின் அடிக்கரையில் வேறு நிற நூலால் போட்ட தையல், ஏதோ ஒரு வருடத்தில் புதிது வாங்க முடியாமல் போனதைச் சொல்கிறது.

அத்தைக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. ஒவ்வொரு புடவையாகக் காட்டி அவர் சொன்னதைப் பதிவு செய்தேன். அவர் பேச்சில் ஊர் எப்போதும் மாயவரம்தான். 1982இல் பெயர் மாறியதை அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை, பதிவேட்டிலும் அவர் சொன்னபடியே எழுதினேன். குடும்பமே அப்பாயியின் கூறைப்புடவை என்று நம்பிக்கொண்டிருந்த மூன்றாம் எண் புடவையைப் பார்த்ததும், "இது இல்லடி, இது உங்க பெரியப்பா பொறந்தப்ப எடுத்தது" என்றார். சுவரிலிருந்த திருமணப் படத்தைக் கழற்றிப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். படத்தில் கரைக்கும் உடலுக்கும் நடுவே கோபுரப் பல் வரிசை தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் எண்ணில் அது கிடையாது. உண்மையான கூறைப்புடவை, எடைக்குப் போன இரண்டில் ஒன்றாக இருந்திருக்கலாம். அண்ணனிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை.

2019இல், நான் பணியாற்றிய கல்லூரியின் சிறிய மண்டபத்தில் பதினாறு நாள் கண்காட்சி நடத்த அனுமதி கிடைத்தது. அதற்கு முன் அகமதாபாத்துக்குச் சென்று காலிகோ துணி அருங்காட்சியகத்தைப் பார்த்துவந்தேன். 1949இல் சாராபாய் குடும்பத்தினர் தொடங்கிய அந்த இடத்தில், முன்பதிவு செய்த சிலரை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். மங்கிய ஒளியில் கண் பழகிய பிறகுதான் துணிகள் ஒவ்வொன்றாகத் துலங்குகின்றன. துணியை ஓவியத்தைப் போல, அதைவிடவும் கூடுதல் கவனத்தோடு நடத்தலாம் என்பதை நான் நேரில் பார்த்தது அங்கேதான். திரும்பிவந்ததும் பதினேழில் ஒன்பதை மட்டும் காட்டுவதென்று முடிவு செய்தேன். வலுவிழந்தவற்றை அழகு கருதிக்கூடச் சேர்க்கவில்லை.

துணிக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் ஒளி வரம்பு 50 லக்ஸ்; லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மீது விழும் ஒளியை அளக்கும் அலகு. கைப்பேசிச் செயலிகள் காட்டும் அளவை நம்ப முடியாததால் இயற்பியல் துறையிலிருந்து ஒளிமானி இரவல் வாங்கினேன். ஒளியின் சேதம் சேர்ந்துகொண்டே போவது. விளக்கை அணைத்தால் அது திரும்புவதில்லை. நாளுக்கு ஆறு மணி நேரம், பதினாறு நாள், 50 லக்ஸ் என்றால் மொத்தம் 4,800 லக்ஸ்-மணி. உச்சி வெயிலின் நேரொளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். அதாவது வெயிலில் ஒரு மணி நேரம் காயவைப்பது இப்படிப்பட்ட இருபது கண்காட்சிகளுக்குச் சமம். நான் அன்று முற்றத்தில் மூன்று மணி நேரம் காயவைத்ததை எண்ணி, அந்தக் கணக்கைப் போட்ட இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைத்து, சுவர்களுக்கும் அடர் நிறம் பூசச் சொன்னோம். வெளியிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது என்பதால், நுழைவில் அரையிருட்டான ஒரு நடையில் பெஞ்சு போட்டு, கூறைநாட்டின் கதையை அங்கே எழுதிவைத்தோம். அதைப் படித்து முடிக்கும் மூன்று நான்கு நிமிடத்தில் கண் பழகிவிடும். கம்பியில் தொங்கவிட்டால் பதினாறு முழப் புடவையின் எடை முழுவதும் சில இழைகளில் விழும். எனவே பஞ்சும் காடாவும் பரப்பிய சாய்பலகைகளின் மீது முந்தியும் உடலில் இரண்டு கஜமும் மட்டும் தெரியும்படி விரித்து, மீதியை அதே உருளையில் பலகையின் கீழேயே விட்டுவைத்தோம். நான் துவைத்துக் கெடுத்த கூறைநாட்டுப் புடவையையும் ஒரு பலகையில் வைத்து, எப்படிக் கெட்டது, யார் கெடுத்தது என்பதைக் குறிப்பில் எழுதினேன். அதிகக் கூட்டம் நின்றது அந்தப் பலகையின் முன்தான்.

ஆனால் எங்களை அதிகம் குழப்பிய கேள்வி வேறு. தைத்த ஆடைக்கு ஒரு வடிவம் உண்டு. உடல் இல்லாவிட்டாலும் கவுன் கவுனாகவே நிற்கும். புடவை கட்டினால்தான் ஆடை, அவிழ்த்தால் அது துணி. பலகையில் விரித்துவைத்தபோது நெசவுதான் தெரிந்தது, அப்பாயி உடுத்திய விதம் தெரியவில்லை. அவள் கட்டியது பின்கொசுவம். கொசுவம் முதுகுப் பக்கம் விசிறியாக விரியும். எங்கள் தலைமுறையில் யாருக்கும் அது வராது. ஜவுளிக்கடைப் பொம்மை ஒன்றுக்குக் கட்டிப் பார்க்கலாம் என்றார்கள். மூலப்புடவையைக் கட்டினால் பழைய மடிப்புகளில் முறியும் என்பது ஒரு புறமிருக்க, ஐந்தே முக்கால் அடி உயரப் பொம்மையில் அப்பாயியின் காலத்து உடுப்பு வேடிக்கையாகத்தான் இருந்தது. கடைசியில் அதே நீளத்தில் புதிய பருத்திப் புடவை ஒன்றை வாங்கி, அத்தை அதைத் தன் மேல் கட்டிக்காட்டியதை ஒளிப்பதிவு செய்து, ஒலியில்லாமல் ஒரு திரையில் ஓடவிட்டோம். பன்னிரண்டு நிமிடம். புடவையைப் பாதுகாக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான்: பீரோவைத் திறப்பதற்கு முன், கட்டத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே அவர் கட்டுவதைப் பதிவு செய்யுங்கள். 2024இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், இனி எவ்வுருவத்திற்கும் அணிவிக்க முடியாத அளவுக்கு நலிந்த ஆடைகளைக் கிடத்தியே காட்டி, அவற்றின் அசைவையும் ஓசையையும் வேறு வழிகளில் உணர்த்தக் கண்காட்சி ஒன்று நடத்தியதாகப் படித்தபோது, எங்கள் மண்டபத்துச் சிறிய திரை நினைவுக்கு வந்தது.

திறப்பு விழா நம் ஊர் வழக்கப்படிதான் நடக்கும் என்பதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். குத்துவிளக்கு, மாலை, சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு என்று எல்லாமே வந்து இறங்கின. ஒவ்வொன்றும் பட்டுக்குப் புகை, மகரந்தம், எண்ணெய், கறை. அரை மணி நேரம் வாதாடி, விளக்கை வாசல் திண்ணையில் ஏற்றவைத்தோம். வரவேற்புத் தட்டு மண்டபக் கதவைத் தாண்டவில்லை. சிறப்பு விருந்தினர் ஒருவர், மாம்பழ மஞ்சள் பட்டைத் தோளில் போட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அன்பாகத்தான் கேட்டார். முடியாது என்று சொன்னதால் ஏற்பட்ட மனவருத்தம் மாலை வரை நீடித்தது. 1962இல் ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவுக்காக ஜீன் லூயி வடிவமைத்த ஆடையை 2022 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் ஒரு விழாவுக்கு அணிந்துவந்தார். அதையொட்டி, வரலாற்று ஆடைகளை யாரும் அணியக் கூடாது என்று பன்னாட்டு அருங்காட்சியக மன்றத்தின் ஆடைக் குழு அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கை 2019இலேயே என் கையில் இருந்திருந்தால் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருப்பேன்.

பட்டைத் தொடாமல் பார்ப்பது நம்மவர்களுக்குப் பழக்கமே இல்லை. முதல் நாளிலேயே கண்ணாடி இல்லாத இரண்டு பலகைகளில் விரல்கள் நீண்டன. அறிவிப்புப் பலகை பயன்படவில்லை. பாதுகாவலர் அதட்டியது எனக்கே பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் திருபுவனத்திலிருந்து புதிதாக நெய்த பட்டுத் துண்டுகளை வாங்கிவந்து ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் தொடுவதற்கென்றே கட்டிவைத்தோம். அதன்பின் யாரும் பழையதைத் தொடவில்லை. பதினாறு நாளில் அந்தத் துண்டுகள் அழுக்கேறிக் கறுத்துப்போயிருந்ததைப் பார்த்தபோது, அவை தாங்கிக்கொண்டது எதை என்பது விளங்கியது.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, ஒரு முதிய நெசவாளர் பேத்தியோடு வந்தார். எட்டாம் எண்ணின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, மறுபக்கத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். என் கையால் முனையைத் தூக்கிக் காட்டினேன். கரையையும் உடலையும் தனித்தனி ஊடுநூலால் நெய்து இணைக்கும் கோர்வைப் புடவையில் இரு கரைகளுக்கும் உடலுக்கும் தனித்தனித் தார் (ஊடுநூல் சுற்றிய கண்டு), அவற்றைச் சுமந்து தறியில் குறுக்கே ஓட மூன்று நாடா. ஒருவரால் முடியாது, ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும் என்று பேத்திக்கு விளக்கிக்கொண்டே, இரு கரைகளின் இணைப்பையும் விரல் படாமல் காட்டினார். இடது பக்க இணைப்பு ஒரே சீராக இருந்தது. வலது பக்கத்தில் இடையிடையே இழுப்பு, ஓரிடத்தில் பல் ஒன்று தவறியிருந்தது. "இந்தப் பக்கம் தள்ளினது சின்னப் பையன் கை. இந்த எடத்துல தூங்கியிருப்பான்" என்று சிரித்தார்.

நெய்தவர் பெயர் தெரியவில்லை என்று ஒன்பது குறிப்புகளிலும் ஒரே வரியை எழுதியிருந்தேன். அன்று மாலை எட்டாம் எண்ணின் குறிப்பை மட்டும் கழற்றி, நெய்தவர்கள் இருவர், வலக் கரையில் அமர்ந்தவர் சிறுவராக இருக்கலாம் என்று மாற்றி எழுதி, பல் தவறிய இடத்துக்கு ஒரு சிறிய அம்புக்குறியும் வைத்தேன். அடுத்த நாள் முதல் பார்வையாளர்கள் முந்தியின் யாளியையும் அன்னத்தையும் விட்டுவிட்டு அந்த இடத்தைத்தான் தேடினார்கள். கண்காட்சியைத் தொடங்கும் முன்பே நெசவாளர்களை அழைத்து ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் காட்டியிருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றாமல் போனதற்கு, அவர்களைச் செய்து கொடுப்பவர்களாகவும் எங்களைப் புடவையைப் பார்த்து விளக்கிச் சொல்பவர்களாகவும் நான் மனத்துக்குள் பிரித்துவைத்திருந்ததே காரணம். பிறகு அந்தப் பெரியவரை வீட்டுக்கு அழைத்து மீதி எட்டையும் காட்டினேன். அவற்றில் ஐந்தைப் பற்றி அவர் சொன்னவை பதிவேட்டில் அத்தையின் சொற்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

அத்தை 2021இல் காலமானார். தை மாதத்தில், காற்று உலர்ந்திருக்கும் நாள்களில், நானும் அண்ணன் மகளும் உருளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒளிமங்கிய அறையில் விரித்துப் பார்த்து, தாளை மாற்றி, மறுபடி சுற்றுகிறோம். இந்தத் தையில் நான்காம் எண்ணின் முந்தி இணைப்பிலிருந்த பழைய விரிசல் இரண்டு விரற்கடை நீண்டிருந்தது. தைக்கவில்லை; நீளத்தை அளந்து, தேதியிட்டு எழுதி, அந்த இடத்தில் காடாத் துண்டைத் தாங்கலாக வைத்துச் சுற்றிவிட்டோம். அடுத்த தை வரை அதைப் பிரிக்கப்போவதில்லை.